வீட்டை விற்றுவிட்டு உலகம் சுற்றப் போகலாமா?

ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 37 வயது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடுகள் எழுதுகிறார். ஒன்பது வருடமாக ஒரே நிறுவனம். கடந்த சில வருடங்களாக முழுக்க வீட்டிலிருந்தே வேலை. கணவருக்கு 40 வயது. வேலையை விட்டுவிட்டு, பயண வீடியோக்கள் எடுத்துப் போடும் எண்ணத்தில் இருக்கிறார். மகளுக்கு எட்டு வயது. வாசகியின் அம்மாவும் இவர்களோடுதான் இருக்கிறார். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ளது, கடன் அடைந்துவிட்டது. வாசகி தைராய்டுக்குத் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

கணவர் போட்டுவைத்திருக்கும் திட்டம் இது: வீட்டை விற்பது. முதல் மூன்று மாதம் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகள்). பிறகு ஒரு வாரம் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு மூன்று மாதம். அப்புறம் தென்கிழக்கு ஆசியா, இப்படியே நாடு நாடாக. எல்லாமே டூரிஸ்ட் விசாவில். "சம்பளம் உன் நாட்டுக் கணக்கில்தான் விழுகிறது, அதனால் அது அங்கே வேலை செய்வதாகவே ஆகாது. எந்த நாட்டிலும் 183 நாளைத் தாண்ட மாட்டோம், வரியும் கிடையாது. ஐந்து வருடம் சுற்றியபின் பிடித்த நாட்டில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கேட்கலாம்" என்கிறாராம். மேலாளர் வாய்மொழியாக "எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா தம்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணவரின் யோசனை. அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை.

இதெல்லாம் சட்டப்படி சரியா, வரி உண்மையிலேயே இருக்காதா, மகளின் படிப்பு என்னாகும், வீட்டை விற்கலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நான் வேண்டாம் என்று சொன்னால், அவருடைய கனவைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் ஆசையில் தவறு எதுவும் இல்லை. குழந்தைகளோடு பல நாடுகளில் மாறி மாறி வாழும் குடும்பங்களுக்கு நான் விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள். குடிவரவுச் சட்டத்தில் வேலை பார்க்கும் எனக்கு, இந்த ஆசையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்தில் இந்தத் திட்டம் நிற்காது. ஒரு நாட்டுக்குள் பயணியாக நுழைவதற்கும் அங்கே குடியிருப்பதற்கும் சட்டத்தில் தனித்தனி வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் நுழைந்துகொண்டே இருந்தால் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடும் என்று உங்கள் கணவர் நம்புகிறார். திட்டத்தில் உள்ள பிழைகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்து வருபவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டப்படி குடியிருக்க ஒரு நாட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். அங்கே இருந்துகொண்டு மற்ற நாடுகளுக்குப் போய் வாருங்கள். வீட்டை இப்போது விற்காதீர்கள்.

உங்களிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே விசா இல்லாமல் நுழையலாம், எங்கே முன்கூட்டியே வாங்க வேண்டும் என்பது அதைப் பொறுத்து மாறும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி எந்த பாஸ்போர்ட்டுக்கும் பொருந்தும்.

ஒரு வாரம் வெளியே போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. குறுகிய காலம் தங்க வருபவருக்கு அந்த 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. இது வருடத்துக்கு இரண்டு தவணை என்ற கணக்கு கிடையாது. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்ப்பார்கள். உள்ளே வந்த நாளும் வெளியேறிய நாளும் இரண்டுமே எண்ணிக்கையில் சேரும்.

பிப்ரவரியில் 28 நாள் உள்ள ஒரு வருடத்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை இருந்தால் சரியாக 90 நாள் முடிகிறது. ஏப்ரலில் ஒரு வாரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள். அடுத்து நீங்கள் உள்ளே வரக்கூடிய முதல் நாள் ஜூன் 30. முன்கூட்டியே விசா வாங்க வேண்டிய பாஸ்போர்ட் என்றால், விசாவில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் உங்களுக்கு. அது 90-க்குக் குறைவாகவும் இருக்கலாம்.

பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரையை யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்யும் மின்னணு முறை படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. முத்திரையின் இடத்துக்கு வந்த இந்த முறையில் நாள்களைக் கணினியே கணக்கிடுகிறது. நாள் தாண்டினால் அபராதமும் நுழைவுத் தடையும் வரலாம். அதைவிடப் பெரிய இழப்பு, பின்னாளில் நீங்கள் முறையாகக் குடியிருப்பு அனுமதி கேட்கும்போது இந்தப் பதிவு உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்பது.

டூரிஸ்ட் விசாவில் லேப்டாப்பைத் திறப்பது

சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை வைத்துப் பெரும்பாலான நாடுகள் முடிவு செய்வதில்லை. வேலை செய்யும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. சில நாடுகள் இதில் வெளிப்படையாகக் கதவைத் திறந்திருக்கின்றன. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல், வெளிநாட்டு நிறுவனத்துக்கான தொலைதூர வேலையைச் சுற்றுலா விசாவிலேயே செய்ய அனுமதிக்கிறது. பிரிட்டன் 2024 ஜனவரி இறுதியிலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் வருகையின் முக்கிய நோக்கம் அந்த வேலையாக இருக்கக் கூடாது. கனடாவிலும் வருகையாளராக இருக்கும் காலத்தில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்க்கலாம். இன்னும் பல நாடுகளின் விதிகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விதி பேசாமல் இருப்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காப்பிக் கடையில் உட்கார்ந்து மின்னஞ்சலுக்குப் பதில் போட்டால் யாராவது வந்து பிடித்துவிடுவார்களா என்றால், அநேகமாக மாட்டார்கள். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லையில் ஓர் அதிகாரி "மூன்று மாதம் என்ன செய்யப் போகிறீர்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பப்படலாம். பொய் சொன்னால் அது பதிவாகும், பிறகு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது பின்தொடரும். எட்டு வயதுக் குழந்தை பக்கத்தில் நிற்க, அந்தக் கேள்விக்குத் தடுமாறும் நிலையில் உங்களை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

கணவரின் வீடியோக்களுக்கும் இது பொருந்தும். பொழுதுபோக்காக எடுத்துப் போடுவது ஒன்று. அதிலிருந்து விளம்பரப் பணமும், ஹோட்டல்களின் ஆதரவும் வரத் தொடங்கினால், அது அந்த நாட்டுக்குள்ளேயே செய்யும் தொழிலாகப் பார்க்கப்படலாம். உங்கள் வேலையை விட அவருடைய வேலைதான் இந்த விஷயத்தில் சிக்கலானது, ஏனென்றால் ஆதாரம் முழுவதும் பொதுவெளியில் தேதியோடு இருக்கும்.

மேலாளரின் வாய்மொழிச் சம்மதம்

இதைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கணவர் வேலையை விட்டுவிட்டால் குடும்பத்தின் முழு வருமானமும் இந்த ஒரு வேலைதான். "எங்கிருந்து வேண்டுமானாலும்" என்று மேலாளர் சொன்னபோது, வேறு ஊரைத்தான் மனதில் நினைத்திருக்கலாம். வேறு நாடு என்றால் அது மேலாளர் தனியாக முடிவு செய்யும் விஷயமாகவே இருக்காது.

ஓர் ஊழியர் இன்னொரு நாட்டில் நீண்ட நாள் இருந்து வேலை பார்த்தால், நிறுவனத்துக்கு அந்த நாட்டில் நிலையான தொழிலிடம் இருப்பதாக அந்நாட்டு வரித்துறை கருத வாய்ப்பு உண்டு. அங்கே சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டி வரலாம், ஓய்வூதியம், மருத்துவம் போன்றவற்றுக்கான சமூகக் காப்புச் சந்தா கட்ட வேண்டி வரலாம். வாடிக்கையாளர் தகவல்கள் எல்லை தாண்டக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருக்கலாம். இதனால்தான் பல நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க வருடத்துக்குச் சில வாரங்கள் மட்டும் அனுமதிக்கின்றன. எழுத்தில் அனுமதி இல்லாமல் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வேலை பார்ப்பது மனிதவளத் துறைக்கோ தகவல் பாதுகாப்புத் துறைக்கோ தெரிய வந்தால், ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மீதுதான் வரும். மேலாளரின் வாய்ச்சொல் அப்போது உங்களுக்குத் துணை நிற்காது.

183 நாள்

எந்த நாட்டிலும் 183 நாள் இருக்காவிட்டால் எந்த நாட்டுக்கும் வரி இல்லை என்ற நம்பிக்கை பயணம் செய்வோரிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. ஒருவர் வரிக்காக அந்நாட்டின் குடியிருப்பாளரா என்று பார்க்க, பல நாடுகளில் 183 நாள் என்பது ஒரு சோதனை. ஆனால் ஒரே சோதனை அது இல்லை. பிரிட்டனில் சமீப வருடங்களில் குடியிருந்து, குடும்பம், வீடு, வேலை என்று போதுமான தொடர்புகளும் உள்ள ஒருவர், வரி ஆண்டில் 16 நாள் அங்கே இருந்தாலே குடியிருப்பாளராகக் கருதப்படக்கூடும். ஜெர்மனியில் உங்கள் பயன்பாட்டுக்கென்று ஒரு வீட்டை வைத்திருந்தால், நாள் எண்ணிக்கையைப் பார்க்காமலே குடியிருப்பாளர் ஆகலாம். ஸ்பெயின் உங்கள் பொருளாதார நலன்களின் மையம் எங்கே என்றும் பார்க்கிறது. அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்கு வருமானத்தைக் கணக்குக் காட்ட வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி உங்கள் சொந்த நாட்டைப் பற்றியது. அங்கிருந்து கிளம்பியதாலேயே அங்கே வரிக் கடமை முடிந்துவிடாது. எப்போது முடிகிறது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி உண்டு. குடும்பம், வீடு, வேலை தரும் நிறுவனம் என்று எல்லாம் அங்கேயே இருந்தால் முடிவது கடினம்.

சரி, எப்படியோ எந்த நாட்டின் குடியிருப்பாளராகவும் இல்லாத நிலையை அடைந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது பலரும் நினைப்பது போல் வசதியான இடம் இல்லை. இரட்டை வரியைத் தவிர்க்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள், அந்த இரண்டில் ஒரு நாட்டின் குடியிருப்பாளருக்குத்தான் பாதுகாப்பு தரும். எங்கும் குடியிருக்காதவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வேலை செய்த ஒவ்வொரு நாடும் முதல் நாளிலிருந்தே வரி கேட்க வழி திறந்துவிடும். வங்கிகளும் விடாது. பெரும்பாலான நாடுகளில் கணக்கு தொடங்கும்போது "எந்த நாட்டில் வரிக் குடியிருப்பாளர்?" என்று எழுதி வாங்குகிறார்கள், தகவல் நாடுகளுக்கிடையே பரிமாறப்படுகிறது. "எங்கும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் வங்கி அடுத்தடுத்து விளக்கம் கேட்கும், சில வங்கிகள் கணக்கே வேண்டாம் என்றுவிடும்.

ஆகவே வரி இல்லாத வாழ்க்கையைத் தேடுவதை விட, வரிக் குடியிருப்புச் சான்று வாங்கக்கூடிய ஒரு நாட்டைக் கையில் வைத்திருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. கிளம்பும் முன் பன்னாட்டு வரி தெரிந்த ஒரு கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் கட்டணத்தைப் பயணச் செலவில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.

டிஜிட்டல் நாடோடி விசா எதைத் தரும்?

வேறு நாட்டு நிறுவனத்துக்குத் தொலைதூர வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாட்டில் தங்க விரும்பும் உங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்ட வழி இது. எஸ்டோனியா 2020இல் இந்தப் பெயரில் விசா கொடுக்கத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் நாட்டுக்கு நாடு வேறு.

ஸ்பெயினின் அனுமதி உண்மையான குடியிருப்பு அனுமதி. குடும்பத்தையும் சேர்க்கலாம், புதுப்பிக்கலாம், நிரந்தரக் குடியிருப்புக்கான காலத்திலும் அது கணக்காகும். ஆனால் நிபந்தனைகள் கூடுதல்: நிறுவனம் குறைந்தது ஒரு வருடமாக இயங்கியிருக்க வேண்டும், நீங்கள் அந்த நிறுவனத்தில் குறைந்தது மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், தொலைதூர வேலைக்கு நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வருமான வரம்பு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் இருமடங்கில் தொடங்கி, குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் ஏறும். உங்கள் நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் சமூகக் காப்பு உடன்பாடு இருக்கிறதா என்பதில்தான் பல விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. அதை முதலிலேயே பாருங்கள்.

தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த டி.டி.வி. விசா ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் வரை தங்கலாம். 5 லட்சம் பாத் சேமிப்பைக் காட்ட வேண்டும். மனைவி அல்லது கணவரையும் 20 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஆனால் இது நிரந்தரக் குடியிருப்புக்குப் போகும் பாதை இல்லை. ஜப்பானின் விசா ஆறு மாதம்தான், நீட்டிக்க முடியாது, வருடத்துக்கு ஒரு கோடி யென் வருமானம் வேண்டும், குறிப்பிட்ட சில நாட்டவருக்கு மட்டுமே. குரோஷியாவின் அனுமதி முடிந்தால் உடனே மறுபடி கேட்க முடியாது, இடைவெளி விட வேண்டும்.

இப்போது அந்த ஐந்து வருடக் கணக்கு. சுற்றுலாப் பயணியாக எத்தனை வருடம் வந்துபோனாலும் பி.ஆர். கேட்கும்போது அது பூஜ்யம்தான். முறையான அனுமதியோடு இருந்தால்கூட அடிக்கடி வெளியே போவதற்கு எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகாலக் குடியிருப்புத் தகுதிக்கு ஐந்து வருடம் தொடர்ந்து ஒரே நாட்டில் இருக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேலும், மொத்தமாகப் பத்து மாதத்துக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஓயாத பயணத்தையும் நிரந்தர உரிமையையும் ஒரே ஐந்து வருடத்துக்குள் சேர்த்து வாங்க முடியாது என்பதை உங்கள் கணவரோடு பேச வேண்டும். அவருக்கு இரண்டில் எது வேண்டும் என்று அவரே இன்னும் யோசித்திருக்க மாட்டார் என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. பல தம்பதியர் இந்த இடத்தில்தான் உண்மையாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

இந்த விசாவில் நீங்கள்தான் முதன்மை விண்ணப்பதாரர். கணவரும் மகளும் உங்களைச் சார்ந்தவர்கள். சார்ந்து வருபவர் வேலை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் செய்யலாம், தாய்லாந்தில் முடியாது. உங்கள் வேலை போனால் நான்கு பேர் சாப்பாடு மட்டும் பாதிக்கப்படாது, மூவரின் தங்கும் உரிமையும் அதோடு ஆட்டம் காணும். அம்மாவைச் சேர்க்க முடியுமா என்றால், பெரும்பாலான நாடுகள் பெற்றோரைச் சேர்ப்பதில்லை. ஸ்பெயின் போன்ற சில நாடுகள், அவர் பொருளாதாரத்தில் உங்களையே சார்ந்திருக்கிறார் என்று நிரூபித்தால் ஏற்கும்.

மகள்

குடியிருப்பு அனுமதியோடு ஒரு நாட்டில் வாழும்போது அந்நாட்டின் கல்விச் சட்டம் உங்கள் மகளுக்கும் பொருந்தும். வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், அது எல்லா இடத்திலும் செல்லாது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். வீட்டுக் கல்விக்கு அநேகமாக இடமே கிடையாது. வேறு சில நாடுகளில் பதிவு செய்துவிட்டு வீட்டில் கற்பிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு நாடு என்று போனால் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு நண்பர்கள் வேண்டும், ஒரு முழுக் கல்வியாண்டு ஓரிடத்தில் இருக்க வேண்டும். இது சட்டக் கருத்து இல்லை, என் சொந்த அபிப்பிராயம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சங்கடமான விஷயம், ஆனால் நல்ல உறவில் இருக்கும்போதே தெரிந்துகொள்வதுதான் நல்லது. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அது வழக்கமாக வாழ்ந்துவரும் நாட்டிலிருந்து ஒரு பெற்றோர் மற்றவரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால், உடன்படிக்கையில் உள்ள நாடுகள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் வளர்வது என்பதைப் பிள்ளை வாழ்ந்த நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்கும். நீங்கள் ஒரு புதிய நாட்டில் வேரூன்றி வாழத் தொடங்கியதும் அதுவே மகளின் வழக்கமான வாழிடமாகிவிடலாம். பிறகு உங்களுக்குள் பிரச்சினை வந்தால், "மகளை அழைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விடுகிறேன்" என்று நீங்கள் தனியாக முடிவெடுக்க முடியாமல் போகலாம். அவருக்கும் அதேதான். எவ்வளவு காலத்துக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம், திரும்புவதை யார் கேட்டால் மற்றவர் ஏற்பார் என்று இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நீதிமன்றத்தையும் அது கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் நோக்கம் என்னவாக இருந்தது என்பதற்கு நல்ல ஆதாரம்.

வீடும் அம்மாவும்

இருவர் பெயரிலும் உள்ள வீட்டை முழுவதுமாக விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். உங்கள் கையெழுத்தை இப்போது போடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. விசா மறுக்கப்படலாம், நிறுவனம் சம்மதிக்காமல் போகலாம், மகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இவற்றில் எது நடந்தாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்க வேண்டும். விற்ற பணத்தில் சுற்றினால் அது வருமானமாகத் தெரியும், உண்மையில் மூலதனத்தைத் தின்றுகொண்டிருப்பீர்கள்.

வீட்டை நீண்டகால வாடகைக்கு விடுவது ஒரு வழி. வெளியாருக்கு முழுமையாக வாடகைக்கு விட்ட வீடு, வரி ஒப்பந்தங்களில் "உங்கள் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் வீடு" என்று பொதுவாகக் கருதப்படுவதில்லை. அம்மா அங்கேயே இருந்தால் அந்த வாதம் பலவீனமாகும், சொந்த நாட்டில் உங்கள் வரித் தொடர்பு நீடிக்க அது ஒரு காரணமாகலாம். கணக்காளரிடம் இதைக் கேளுங்கள். ஆனாலும் அம்மா தன் வீட்டிலேயே இருப்பதற்காகக் கொஞ்சம் வரி கட்ட வேண்டியிருந்தால், அதைக் கட்டிவிடுவதே மேல் என்றுதான் நான் சொல்வேன். தம்பி வீட்டுக்குப் போக அவருக்கு விருப்பமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; இந்தத் திட்டத்தில் யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு அவசரச் சிகிச்சைக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும்தான். உங்கள் தைராய்டுக்கான வழக்கமான பரிசோதனை அதில் வராது. வெளிநாட்டில் வாழப் போகிறவர்கள் பன்னாட்டு மருத்துவக் காப்பீடு என்ற தனி வகையை வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் தைராய்டை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் வேறு எந்த நோய்க்குக் கேட்டாலும் மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி

நீங்கள் யாருடைய கனவையும் கெடுக்கவில்லை. சம்பாதிக்கப்போவது நீங்கள், விசா நிற்கப்போவது உங்கள் பெயரில், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஊர் பார்க்க மிச்ச நேரம் தேட வேண்டியவரும் நீங்கள். கேள்வி கேட்க உங்களுக்கு மற்றவரைவிட அதிக உரிமை இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எங்குமே "எனக்குப் போகப் பிடிக்கவில்லை" என்று எழுதவில்லை என்பதையும் கவனித்தேன். உங்களுக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. மீதியைக் காகிதங்களைச் சரிசெய்தாலே போக்கிவிடலாம்.

கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மகளின் அடுத்த நீண்ட விடுமுறையில், தொலைதூர வேலையை வெளிப்படையாக அனுமதிக்கும் ஒரு நாட்டில், நிறுவனத்தின் எழுத்து அனுமதியோடு சில வாரங்கள் வாழ்ந்து பார்க்கலாம். சுற்றுலாவுக்குப் போவது போல் இல்லாமல், வாடகை வீட்டில், நீங்கள் முழுநேரம் வேலை பார்க்க, அவர் மகளையும் வீட்டையும் கவனிக்க. அது பிடித்திருந்தால் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து நாடோடி விசாவில் ஒரு கல்வியாண்டு. அவர் வேலையை விடுவதற்குப் பதிலாக, கிடைக்குமென்றால் சம்பளமில்லாத நீண்ட விடுப்புக் கேட்கட்டும். வீட்டைப் பற்றிய பேச்சை அந்த வருடம் முடிந்தபின் எடுக்கலாம்.

நான்கு பாஸ்போர்ட்டுகளின் காலாவதித் தேதியையும் காலிப் பக்கங்களையும் இப்போதே பாருங்கள். திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று இவற்றுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் சான்று உண்மையானது என்று மற்ற நாடுகளுக்குக் காட்டும் முத்திரை) வாங்கி வைக்கலாம். நீங்கள் போகும் நாடு அந்த முத்திரைக்கான உடன்படிக்கையில் இல்லையென்றால் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும். காவல்துறை நன்னடத்தைச் சான்றை மட்டும் இப்போது வாங்காதீர்கள். சில மாதங்கள் பழையதானால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், விண்ணப்பத் தேதி தெரிந்தபின் வாங்குங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். எந்தெந்த நாடுகளிலிருந்து வேலை பார்க்கலாம், வருடத்துக்கு எத்தனை நாள், சமூகக் காப்புச் சந்தாவை யார் கட்டுவார்கள், விசா விண்ணப்பத்துக்கு வேலை உறுதிக் கடிதம் தருவார்களா என்று நான்கு கேள்விகளையும் அதில் கேளுங்கள். பதில் வந்ததும், உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.